பாட்டனார் நடந்த மலைப்பாதை

உங்கள் பாட்டனாரின் தந்தை எந்த ஊரில் பிறந்தார்? எந்த மையவாடியில் அடங்கியிருக்கிறார்? இவ்விரு கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்லக்கூடியவர் ஒருவரேனும் உங்கள் இல்லத்தில் இருந்தால், அல்ஹம்துலில்லாஹ்! இல்லையெனில் இக்கட்டுரை உங்களுக்காகவே.

உறவுகளைச் சேர்ந்து வாழ உதவும் அளவுக்கு வம்ச வழியை அறிந்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். திர்மிதீயில் இது பதிவாகியுள்ளது. குலப்பெருமை பேசுவதற்கன்று, அறுந்த உறவை மீண்டும் சேர்ப்பதற்கே இந்த அறிவு.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பாருங்கள். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தார் அல்லர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை எனப் பிரிந்து குடியேறினர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஏட்டில் எழுதாமலே ஒரு சமூகம் தன் வரைபடத்தை நெஞ்சில் சுமந்து வந்திருக்கிறது. நாமோ கையில் கணிப்பொறி இருந்தும் மறந்து வருகிறோம்!

உங்கள் பாட்டனார் துணிமூட்டையுடன் இம்மலைச் சந்தைக்கு ஏறி வந்த வணிகர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எஞ்சியிருப்பது 'வளப்பூர் நாடு' என்ற ஒரு பெயர் மட்டுமே. எங்கே தேடுவது?

இங்கே 'நாடு' என்பது ஓர் ஊரன்று. சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுதி. எனவே வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டு அதுவே இடம் என்று நம்பிவிடக் கூடாது. அப்பகுதி முழுவதையும் எல்லைக்கோட்டால் வளைத்துக்கொண்டு, உள்ளே ஒவ்வொரு சிற்றூராகத் தேட வேண்டும். மற்றொன்று: நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தைய பத்திரங்களைச் சேலம் மாவட்டத்தின் பெயரிலேயே தேட வேண்டும்.

இதற்கு உதவும் மென்பொருள்கள் இரண்டு: 'கூகுள் எர்த் புரோ', 'கியூஜிஐஎஸ்'. இரண்டுமே இலவசம். முன்னது எளிது, இடங்களைக் குறிக்கவும் பாதைகளை வரையவும் போதுமானது. பின்னதில் பழைய வரைபடத்தின் நகலை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்தலாம். மலையுச்சி, ஓடைகள் கூடுமிடம், பழைய வழிபாட்டுத் தலம் போன்ற மாறாத அடையாளங்களை இரு படங்களிலும் இணைத்துக் காட்டினால், மென்பொருள் பழைய படத்தை இழுத்துச் சரிசெய்து தருகிறது. நான்கைந்து அடையாளங்களேனும் வேண்டும்.

முதலில் திசையைக் கவனியுங்கள். 1154இல் சிசிலி மன்னர் ரோஜருக்காக அல் இத்ரீசி உருவாக்கிய புகழ்பெற்ற உலகப் படத்தில் தெற்கே மேலே இருந்தது! உங்கள் பெரியவர் தாளில் வரைந்து தரும் படத்திலும் வடக்கு மேலேதான் இருக்கும் என்று கருதாதீர்கள்.

மலையில் தூரத்தை நேர்கோட்டில் அளப்பதும் தவறு. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கூகுள் எர்த்தில் பாதையை வரைந்து அதன் உயர விவரத்தைக் கேட்டால், ஏற்றமும் இறக்கமும் கோடாக விரியும். சுமையோடு ஒரு மனிதர் ஏறியிருக்கக்கூடிய வழி எது என்பது அப்போது ஓரளவு புலப்படும்.

யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைப் பேணிய சமுதாயம் நாம். இங்கும் ஒவ்வொரு புள்ளியோடும் அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், எந்த ஆண்டுச் செய்தி என்பவற்றை எழுதி வையுங்கள். பத்திரத்திலோ, ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டிலோ கண்டது ஒரு நிறம்; செவிவழி வந்தது வேறு நிறம். ஊகத்தை உண்மையோடு கலந்துவிட்டால், நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் பொய்யையே வரலாறாக நம்புவார்கள்.

மென்பொருளை அடுத்த ஆண்டும் கற்கலாம். ஆனால் அந்தப் பாதையின் பெயரை அறிந்த பெரியம்மா அடுத்த ஆண்டும் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் ஏது? இன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் அவரருகே அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்லும் முதல் ஊர்ப்பெயரே உங்கள் வரைபடத்தின் முதல் புள்ளி. அறுந்த உறவுகளைச் சேர்த்து வைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!