உங்களுக்குத் தெரியுமா? வயிற்றைக் கிழிக்காமலே ரத்தம் நிற்கும்

வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டும் சிறுநீரகக் கட்டியை, வயிற்றில் கத்தி வைக்காமலே அடக்கிவிடலாம். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ சின்னத் துளை. அதன் வழியே தமனிக்குள் மெல்லிய குழாய். கசியும் கிளையை மட்டும் சுருள்கம்பியாலோ நுண்துகள்களாலோ அடைத்துவிடுகிறார்கள். சிறுநீரகம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

• கட்டியின் பெயர் ஆஞ்சியோமயோலிபோமா. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றின் கலவை, புற்றுநோய் அல்ல. 4 செ.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ, கர்ப்ப காலத்திலோ வெடிக்கும் ஆபத்து கூடும்.

• இப்படி அடிபடாமலே சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவதை 1856-இல் விவரித்தவர் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிச். உடலின் இயல்பு வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்று நிறுவியவரும் இவரேதான்!

• மரபணுக் கோளாறால் வரும் இத்தகைய கட்டிகளைச் சுருக்க எவரோலிமஸ் மாத்திரை உண்டு. அதன் தாய் மருந்து ராபமைசின், ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த பாக்டீரியா தந்தது. பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்த சுரேந்திர நாத் சேகல்.

• ஓசூர் அருகே சானமாவு பக்கத்து வாசகர்களுக்கு: விலாவில் திடீர் வலியோடு வியர்வையும் மயக்கமும் வந்தால், ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். குழாய்வழி அடைப்பு எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. போக வேண்டியது ஓசூருக்கா பெங்களூருக்கா என்பதை முதலுதவி தரும் மருத்துவரிடமே கேளுங்கள்.