மணி பவனுக்கு ஒரு ஞாயிறு

மாட்டுங்காவில் நாற்பது ஆண்டு குடியிருந்தும், மணி பவனை ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தாதரில் மேற்கு ரயில்வேக்கு மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லேபர்னம் சாலைக்கு நடந்தே போகலாம். (ஞாயிறு மெகா பிளாக் உண்டா என்று பார்த்துக் கிளம்புங்கள். பழைய ரயில்வேக்காரன் சொல்கிறேன்.) நண்பர் ரேவாசங்கர் ஜவேரியின் இந்த வீட்டில் 1917 முதல் 1934 வரை காந்திஜி வந்து தங்குவார். 1919 ரௌலட் சத்தியாக்கிரகம் புறப்பட்டதும் இங்கிருந்தே. இரண்டாம் மாடியில் அவர் அறை: தரையில் மெத்தை, ராட்டைகள், அவ்வளவே. முழங்கால் வலியோடு ஏறியது வீண்போகவில்லை.

1932 ஜனவரி 4, விடியுமுன் மொட்டை மாடியில் அவரைக் கைது செய்தார்கள். "போலீஸிடம் என்ன சொன்னார் தாத்தா?" என்றான் பேரன்.

"வாயே திறக்கவில்லை. அன்று திங்கள்கிழமை, அவருக்கு மௌன நாள். காகிதத்தில் எழுதிக் காட்டினார்."

பேரன் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றான்.