உங்களுக்குத் தெரியுமா? பேதி போலத் தெரியும் மலச்சிக்கல்

● பிள்ளையின் ஜட்டியில் அடிக்கடி தண்ணீராகக் கறை படிகிறதா? அது பேதியாக இல்லாமல், முற்றிய மலச்சிக்கலாக இருக்கலாம். மலக்குடலில் மலம் இறுகி அடைத்துக்கொண்டால், மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசியும். குடல் விரிந்து உணர்வு மழுங்கிவிடுவதால், கசிவது பிள்ளைக்கே தெரியாது. "இவ்வளவு வளர்ந்தும் இப்படியா?" என்று தயவுசெய்து திட்டாதீர்கள். பேதியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும்.

● கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, கதவுக்குப் பின்னால் முகம் சிவக்க ஒளியும் குழந்தை பெரும்பாலும் முக்குவதில்லை, அடக்குகிறது. ஒருமுறை வலித்த பயம்தான் காரணம். அடக்க அடக்கப் பெருங்குடல் நீரை உறிஞ்சும். மலம் மேலும் கெட்டியாகும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருப்பதால் மாலைவரை அடக்கும் பிள்ளைகளும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

● தினமும் போகிற பிள்ளைக்கும் மலச்சிக்கல் இருக்கலாம். ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாகப் போனால் சந்தேகப்படுங்கள்.

● நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். படுக்கையை நனைப்பதற்கும், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் இதுவும் ஒரு காரணம்.

● தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, சில நாட்கள் போகாமல் இருப்பதுண்டு. நன்றாகக் குடித்து, எடை கூடி, மலமும் இளகலாக இருந்தால் பயம் வேண்டாம். விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த மெல்லிய தசை புண்ணாகிவிடும்.

● பிறந்த 48 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிற முதல் மலம் போகவில்லையா? குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாத பிறவிக் குறையாக இருக்கலாம். 1886இல் இதை விவரித்த டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங்கின் பெயரால் அழைக்கப்படுகிறது. அறுவை சிகிச்சை உண்டு.

● பச்சையாக வாந்தி, வயிறு உப்பி இறுகுதல், மலச்சிக்கலோடு காய்ச்சல், கால்களில் திடீர் பலவீனம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

● ஒருமுறை நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். மறுபடியும் அடைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை மருத்துவர் சொன்னபடி மருந்து தொடர வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் என்பதால், அப்போது ஐந்து பத்து நிமிடம் உட்காரவையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால், கால் தொங்காமல் ஊன்ற ஒரு முக்காலி போடுங்கள்.