வங்கிக்குச் செல்லும் பணம்

மும்பையின் துறைமுகத் தொடர்வண்டித் தடத்தில் குர்லாவை அடுத்து அமைந்துள்ளது சுனாபட்டி. சுண்ணாம்புச் சூளை என்பது அப்பெயரின் பொருள். அதனைச் சூழ்ந்துள்ள தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இட்லிக் கடை, மளிகைக் கடை, பூக்கடை, தோல்பொருள் பட்டறை எனச் சிறுதொழில்கள் பலவற்றை அவர்கள் நடத்துகின்றனர். 2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை அறிமுகமான பின் கைப்பேசி வழியே பணம் செலுத்துவோர் பெருகினர். ஆயினும் கல்லாவில் பணத்தாள் சேர்வது நின்றுவிடவில்லை. அப்பணம் முழுவதும் கடைக்காரரின் ஆதாயமன்று. சரக்கு அனுப்பியவரின் பாக்கி, வேலையாட்களின் கூலி, கடை வாடகை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். அது வழியில் பறிபோனால் பல வீடுகளில் அடுப்பெரிவது தடைப்படும்.

பணத்தைத் திருட நினைப்பவர் முதலில் திருடுவது செய்தியையே. எவர் கொண்டு செல்கிறார், எந்நேரத்தில், எவ்வழியில், எவ்வளவு என்னும் நான்கையும் அறிந்த பிறகே அவர் பணத்தை நெருங்குகிறார்.

சேலத்திலிருந்து சென்னைக்குச் சென்ற விரைவு வண்டியில் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிகழ்ந்த கொள்ளை இதற்குச் சான்றாகும். ரிசர்வ் வங்கிக்கு உரிய ஏறத்தாழ 342 கோடி ரூபாய் அவ்வண்டியின் தனிப்பெட்டி ஒன்றில் கொண்டு செல்லப்பட்டது. காவலரும் அதே வண்டியில் பயணம் செய்தனர். சென்னையில் பெட்டியைத் திறந்தபோது, கூரையில் துளையிட்டு 5.78 கோடி ரூபாய் களவாடப்பட்டிருந்தது. சேலத்திற்கும் விருத்தாசலத்திற்கும் இடையே அக்காலத்தில் மேலே மின்கம்பி இல்லை. ஆதலால் கூரைமீது ஏற முடிந்தது. கொள்ளையர் காவலரோடு மோதவில்லை. வழியை முன்னரே நோட்டமிட்டு, காவல் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுத்தனர். 2018ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பல் ஒன்று இவ்வழக்கில் பிடிபட்டது.

அதே ஆண்டில், தனியார் காவல் நிறுவனங்கள் பணம் கொண்டு செல்வதற்கான விதிகளை நடுவண் அரசு வகுத்தது. நகரங்களில் இரவு 9 மணிக்கு மேல் இப்பணி கூடாது. ஒரு வண்டியில் ஒரு முறைக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றக் கூடாது. ஆயுதம் தாங்கிய காவலர் இருவர் உடன் செல்ல வேண்டும் என்பன அவற்றுட் சில. சிறுகடைக்காரரிடம் காவல் வண்டி இல்லை. எனினும் இவ்விதிகளின் உட்கருத்தை அவரும் பின்பற்றலாம். பகலில் செல்லுதல், சிறுசிறு தொகையாகச் செலுத்துதல், துணையோடு செல்லுதல் ஆகிய மூன்றுக்கும் செலவு மிகுதியில்லை.

நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே தெரு வழியே செல்வது, காத்திருப்பவருக்கு நாமே நேரம் குறித்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். வங்கிகளுக்கு ஞாயிற்றுக்கிழமையுடன் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் விடுமுறை. விடுமுறைக்குப் பின்வரும் திங்கட்கிழமை காலையில் கடைக்காரர் கையில் பெருந்தொகை இருக்கும் என்பதைத் திருடரும் அறிவர். ஆகவே விடுமுறைக்கு முன்னரே இயன்றதைச் செலுத்திவிடுவது நன்று.

பணத்தை வாடிக்கையாளர் பார்வையில் படாமல் உள்ளே வைத்து எண்ண வேண்டும். சலானைக் கடையிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். பெருந்தொகையை ரொக்கமாகச் செலுத்த வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் தேவைப்படலாம். அதனை மறந்து சென்றவர் அதே பணத்தோடு திரும்பி வர நேரிடும். வங்கியின் பெயர் பொறித்த பையைத் தவிர்த்து, காய்கறி வாங்கச் செல்வது போன்ற எளிய பையை எடுத்துச் செல்லலாம்.

வன்முறையினும் வஞ்சகமே மிகுதி. சட்டையில் அழுக்கு என்று ஒருவர் சுட்டுவார். சில பத்து ரூபாய்த் தாள்களைக் கீழே சிதறி, உங்களுடையவையா என்று மற்றொருவர் வினவுவார். குனிந்து நிமிர்வதற்குள் பை மறைந்துவிடும். வங்கிக்குள் தாள்களை எண்ணித் தருவதாக முன்வரும் அயலாரிடமும் பணத்தைக் கொடுக்கலாகாது. முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற்று, தொகையைச் சரிபார்த்த பின்னரே வெளியேற வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னும் ஒருவர் கத்தியைக் காட்டி மிரட்டினால் பையைக் கொடுத்துவிடுவதே அறிவுடைமை. அவருடைய தோற்றத்தையும் சென்ற திசையையும் நினைவிற்கொண்டு, உடனே 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இதனைக் கடை முதலாளி தம் பணியாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது கடமையாகும். இல்லையேல், பணத்தை இழந்தால் பழி வருமோ என்று அஞ்சி அவர் உயிரைப் பணயம் வைப்பார். இழந்த பொருளை உழைத்து மீட்கலாம். உயிரை மீட்க இயலாது.

சொற்பொருள்
கல்லா – கடையில் பணம் இடும் பெட்டி
நோட்டமிடுதல் – மறைவாகக் கூர்ந்து பார்த்தல்
வஞ்சகம் – ஏமாற்றுச் செயல்

வினாக்கள்
1. திருட நினைப்பவர் முதலில் அறிய முற்படும் நான்கு செய்திகள் யாவை?
2. சேலம் விரைவு வண்டியில் காவலர் இருந்தும் கொள்ளை நிகழ்ந்தது எவ்வாறு?
3. கடைப் பணியாளருக்கு முதலாளி முன்கூட்டியே கூற வேண்டியது யாது? ஏன்?