70 நாளா, 3 மணி நேரமா? வீட்டு கம்ப்யூட்டரில் டேப் டிரைவ் மாட்டும் கதை

2011 பிப்ரவரி 27. அன்று ஜிமெயிலைத் திறந்த சிலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்பாக்ஸ் காலி. ஒரு மெயில்கூட இல்லை. சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்றில் இருந்த பிழை, கூகுள் தனித்தனியாக வைத்திருந்த நகல்களையும் சேர்த்தே பதம் பார்த்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மொத்தப் பயனாளர்களில் 0.02 சதவிகிதம்தான் என்றது கூகுள். அவர்களுடைய மெயில்களை எதிலிருந்து மீட்டார்கள் தெரியுமா? டேப்பிலிருந்து. ஆமாம், காந்த நாடா!

காரணம் சிம்பிள். டேப் எந்த கம்ப்யூட்டரோடும் இணையாமல் சும்மா இருந்தது. அதனால் பிழை அங்கே போக வழியில்லை. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் அலமாரியில் இருக்கும் கேசட்டை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, கூகுளுக்கு டேப் ஓகே. நம் வீட்டுக்கு எதுக்கு?

தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைக்குப் போவோம். அரூர்ப் பக்கமிருந்து மலையேறினால், மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். (பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர், பேசுவது தமிழ்தான்.) அங்கே வீடு, ஒசூரில் வேலை என்று ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லீவுக்கு வரும்போதெல்லாம் பாட்டியின் பேச்சு, பாட்டு, சாமை அறுப்பு, ஊர்த் திருவிழா என்று 4கே வீடியோவாக எடுத்துத் தள்ளியிருக்கிறார். விநாடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்தால், ஒரு மணி நேர வீடியோவே 45 ஜி.பி. சில வருடங்களில் 1.5 டெராபைட் சேர்ந்துவிட்டது. எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில். பாட்டி இப்போது இல்லை.

கிளவுடில் ஏற்றலாமே என்பீர்கள். மலையில் அப்லோடு வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், ராத்திரி பகல் நிற்காமல் ஓடினால் கிட்டத்தட்ட 70 நாள் ஆகும். இதே 1.5 டெராபைட், 'எல்.டி.ஓ-5' என்ற ஒற்றை கேசட்டில் அடங்கும். எழுத 3 மணி நேரம் போதும்.

எல்.டி.ஓ என்பது 'லீனியர் டேப் ஓப்பன்' என்பதன் சுருக்கம். ஐ.பி.எம், ஹெச்.பி, சீகேட் சேர்ந்து உருவாக்கிய இந்த வகை 2000-ல் சந்தைக்கு வந்தபோது ஒரு கேசட்டின் கொள்ளளவு 100 ஜி.பி. 2010-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில் 1.5 டெராபைட், 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட். உள்ளங்கை அளவு கேசட்டுக்குள் எல்.டி.ஓ-5 என்றால் 846 மீட்டர் நாடா சுற்றியிருக்கும். அட்டையில் '3 டெராபைட்' என்று போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம். அது டேட்டாவைப் பாதியாகச் சுருக்க முடியும் என்ற கணக்கு. வீடியோவும் போட்டோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, இன்னும் சுருங்காது.

கேசட் மலிவு, டிரைவ்தான் ஆளைக் கொல்லும். புது எல்.டி.ஓ-9 டிரைவ் என்றால் லட்சங்களில் விலை. அதனால்தான் வீட்டுக்காரர்கள் கம்பெனிகள் கழித்துப்போட்ட செகண்ட் ஹேண்ட் டிரைவ்களைத் தேடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

பிளக்கே பொருந்தாது!

டிரைவ் வந்து சேர்ந்ததும் யு.எஸ்.பி கேபிளைத் தேடுவீர்கள். இருக்காது. பெரும்பாலான எல்.டி.ஓ டிரைவ்கள் சர்வர்களுக்கான 'எஸ்.ஏ.எஸ்' இணைப்பில் வருபவை. பார்க்க நம் ஹார்டு டிஸ்க்கின் சாட்டா பிளக் மாதிரியே இருக்கும். ஆனால் வீட்டு மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் எஸ்.ஏ.எஸ் டிரைவ் வேலை செய்யாது. 'ஹெச்.பி.ஏ' என்ற தனி கார்டு வாங்கி, கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட் போன்ற நீளமான பி.சி.ஐ.இ ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். ரெய்டு கார்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், பல ரெய்டு கார்டுகளுக்கு டேப் டிரைவ் கண்ணிலேயே படாது. இன்னொன்று, இந்த கார்டுகள் சர்வர் ஃபேன்களின் காற்றை நம்பிச் செய்யப்பட்டவை. வீட்டு கேபினட்டில் கொதிக்கும், பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன் வைப்பது நல்லது.

ரொம்ப மலிவாக ஒரு டிரைவ் கிடைத்தால் உஷார். அது 'ஃபைபர் சேனல்' வகையாக இருக்கலாம். அதற்கு வேறு கார்டு, வேறு கேபிள். அதுவும் ரோபோ கை வைத்த பெரிய டேப் லைப்ரரியிலிருந்து பிடுங்கியதாக இருந்தால், தனியாக இயங்குமா என்பதே சந்தேகம். லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்குத் தண்டர்போல்ட் டிரைவ்கள் உண்டு. விலை கேட்டால் ஆசை போய்விடும்.

தலைமுறையும் முக்கியம். எல்.டி.ஓ-5 டிரைவ் நான்கிலும் ஐந்திலும் எழுதும், மூன்றைப் படிக்க மட்டும் செய்யும். எல்.டி.ஓ-8 டிரைவோ ஏழையும் எட்டையும் தவிர வேறு எதையும் தொடாது.

மாட்டியாச்சு, அப்புறம்?

விண்டோஸில் 'இ', 'எஃப்' என்று புது டிரைவ் எதுவும் முளைக்காது, பதறாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் டேப் டிரைவ் என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. விண்டோஸ் எக்ஸ்.பி-யோடு வந்த பேக்கப் புரோகிராம் டேப்பில் எழுதும், விஸ்டாவில் அதைத் தூக்கிவிட்டார்கள். எனவே 'எல்.டி.எஃப்.எஸ்' சாஃப்ட்வேர் போட வேண்டும். எல்.டி.ஓ-5 முதல் கிடைக்கும் வசதி இது, கேசட்டை ஒரு ஃபோல்டர் போலக் காட்டும். லினக்ஸ்காரர்களுக்குப் பழைய 'டார்' கட்டளையே போதும்.

எழுதும்போது டிரைவைப் பட்டினி போடக் கூடாது. ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை மெதுவான டிஸ்க்கிலிருந்து அனுப்பினால், டேட்டா வராமல் நாடா நிற்கும், பின்னால் சுற்றும், மறுபடி ஓடும். ஷூ பாலிஷ் போடுவதுபோல முன்னும் பின்னும் தேய்வதால் இதற்கு 'ஷூ ஷைனிங்' என்றே பெயர். நாடாவுக்கும் கேடு, டிரைவுக்கும் கேடு. எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி-யில் ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி அனுப்பினால் பிரச்னை இல்லை. யு.பி.எஸ் கட்டாயம். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எல்.டி.எஃப்.எஸ் கேசட்டை விடுவிக்கும்போதுதான் முழுசாக எழுதும். நடுவில் கரன்ட் போனால் சிக்கல்.

நேர்மையாகச் சொன்னால், 1.5 டெராபைட் வைத்திருக்கும் ஒருவருக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையில்லை. இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, ஆளுக்கொரு ஊரில் வைத்தால் போதும். வருடா வருடம் பல டெராபைட் சேரும் கல்யாண போட்டோ ஸ்டூடியோ, ஊர்ப் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்யும் குழு, நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு டிரைவைப் பங்கு போடுவது... இங்கேதான் கணக்கு கட்டுப்படியாகும்.

கேசட் 30 வருடம் தாங்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆனால் நீண்ட காலம் வைக்க 16 முதல் 25 டிகிரி வெப்பமும், 20 முதல் 50 சதவிகித ஈரப்பதமும் வேண்டும். மழைக்கால மலை வீட்டில் அது கஷ்டம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கலாம். இன்னொரு கேசட் அரூரில் சித்தப்பா வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

விதைக்கு எடுத்து வைத்த தானியத்தில் ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் கட்டி, முளைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விதைப்பார்கள் இல்லையா? எழுதிய கேசட்டுக்கும் அந்தச் சோதனை உண்டு. ஹார்டு டிஸ்க்கில் உள்ளதை அழிப்பதற்கு முன், கேசட்டிலிருந்து பாட்டியின் வீடியோ ஒன்றைத் திரும்ப எடுத்து, கடைசி நொடி வரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். முடிந்தால் நண்பரின் டிரைவிலும் ஒருமுறை. ஒரு டிரைவின் ஹெட் கொஞ்சம் கோணலாக இருந்தால், அதில் எழுதியதை அது மட்டுமே படிக்கும்.