இடிந்த மதிலின் முன்னால் ஒரு மனிதன்: கனவை இலக்காக்குவது எப்படி?

"எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்." வடக்கு, கிழக்கில் எந்தத் தேவாலய முற்றத்திலும் கேட்கக்கூடிய வார்த்தை இது. இழப்பின் நடுவே பலரைத் தாங்கி நின்றதும் இந்த வார்த்தைதான். பதுங்குகுழியிலும் முட்கம்பி வேலிக்குள்ளிருந்த முகாமிலும் செபத்தைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத நாட்கள் இருந்தன. ஆனால் 2009 இற்குப் பின்னர் வருடங்கள் பல கடந்துவிட்டன. வீடு, படிப்பு, தொழில், பிள்ளைகளின் எதிர்காலம் என்று நாம் வைத்திருக்கும் கனவுகள் இன்னமும் செபத்தில் மட்டும்தான் இருக்கின்றனவா? அல்லது வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரிலும் அவற்றுக்கு ஓர் இடம் உண்டா?

கனவுக்குத் திகதி இல்லை, இலக்குக்கு உண்டு. "ஒருநாள் சொந்தமாகத் தையல் கடை போடவேணும்" என்பது கனவு. "அடுத்த பாடசாலை ஆண்டு தொடங்குவதற்கு முன்னர் பத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பேன்" என்பது இலக்கு. முதலாவது மனதுக்கு ஆறுதல் தரும். இரண்டாவது நாளை காலையில் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும்.

இந்த வேறுபாட்டை விவிலியத்தில் மிகத் தெளிவாகக் காட்டும் நூல்களில் ஒன்று நெகேமியா. போரில் அழிந்த ஒரு நகரத்தின் கதை என்பதால் அது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை.

முதலில் அழுதார்

கி.மு. 445 அளவில், பாரசீக மன்னனின் அரண்மனையில் பானம் பரிமாறும் பொறுப்பில் இருந்தவர் நெகேமியா. இன்றைய மொழியில் சொன்னால் புலம்பெயர் சமூகத்தைச் சேர்ந்த, நல்ல வேலையில் இருந்த ஒருவர். ஊரிலிருந்து வந்தவர்கள், எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது, வாயில்கள் எரிந்துபோயின, எஞ்சிய மக்கள் அவமானத்தோடு வாழ்கிறார்கள் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்ட அவர் உட்கார்ந்து அழுகிறார். பல நாட்கள் துக்கம் காக்கிறார், உபவாசம் இருக்கிறார்.

இதைக் கவனிக்கவேண்டும். திட்டம் பிறகுதான் வருகிறது. "அழுதது போதும், எழும்பு" என்று போரில் பிள்ளையை இழந்த தாயைப் பார்த்துச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. துக்கம் விசுவாசக் குறைவும் இல்லை.

செபம் திட்டமாக மாறிய நான்கு மாதங்கள்

செய்தி கிடைத்தது கிஸ்லேவு மாதத்தில். மன்னனிடம் அவர் வாய் திறந்தது நிசான் மாதத்தில். இடையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று மன்னன் கேட்டபோது நெகேமியா தடுமாறவில்லை. மனதுக்குள் ஒரு சிறு செபம் செய்துவிட்டு, எவ்வளவு காலம் வேண்டும், எந்தெந்த ஆளுநர்களுக்குக் கடிதம் வேண்டும், மரம் யாரிடமிருந்து வரவேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறார். அந்த நான்கு மாதங்களில் அவர் செபித்துக்கொண்டே கணக்கும் பார்த்திருக்கிறார் என்பதற்கு அந்தப் பதிலே சாட்சி.

எருசலேமுக்கு வந்த பின்னரும் அறிவிப்பு எதுவும் இல்லை. மூன்று நாட்களின் பின், இரவில், சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு போய் மதில் எங்கெங்கே இடிந்திருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்கிறார். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று இயேசு சொன்ன உவமையும் இதையே சொல்கிறது.

நமது தையல் கடை உதாரணத்தில் இந்த 'இரவு நடை' என்ன? என்னிடம் இருப்பது என்ன: தைக்கத் தெரியும், ஒரு பழைய மெஷின் உண்டு. இல்லாதது என்ன: சான்றிதழ், ஓவர்லொக் மெஷின். தொழிலில் ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்கள் அந்த அனுபவத்தை மதிப்பிடச் செய்து என்.வி.கியூ. சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அதைப் பற்றிப் பிரதேச செயலகத்திலோ அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்திலோ விசாரிப்பது ஒரு காலை நேர வேலை. இதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதாத கணக்கு ஒரு மாதத்தில் மறந்துபோகும்.

அவரவர் வீட்டுக்கு எதிரே

மதில் முழுவதையும் ஒருவரே கட்டவில்லை. பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். பொற்கொல்லரும் வாசனைத் திரவியம் செய்பவரும் கல் சுமந்தார்கள். ஒரு தகப்பனோடு அவருடைய மகள்மாரும் கட்டியதாகக் குறிப்பு உண்டு. பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கி, தனக்கு நெருக்கமான துண்டில் தொடங்குவதே அந்த முறை.

மதில் கட்டப்படுவதைக் கேள்விப்பட்டவர்கள் கேலி செய்தார்கள். ஒரு நரி ஏறினாலே இந்த மதில் விழும் என்றார்கள். இடிபாடு மிகுதி, சுமப்பவர்களுக்குப் பலம் போய்விட்டது என்ற முனகல் உள்ளேயிருந்தும் வந்தது. அப்போது அவர்கள் செபித்தார்கள். கூடவே இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

கடன் என்னும் உள்பகை

நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரத்தை நமது பெண்கள் தனியாக வாசிக்கவேண்டும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மக்கள் கூக்குரலிடுகிறார்கள்: தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகள் அடிமைகளாகிறார்கள் என்று. நெகேமியா இதை "நம்பிக்கையோடு இருங்கள்" என்று சொல்லிக் கடந்துபோகவில்லை. கடன் கொடுத்தவர்களைச் சபையில் நிறுத்தி, அடகு வைத்த நிலங்களையும் வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார்.

போருக்குப் பின்னர் நுண்கடன் நமது கிராமங்களில் என்ன செய்தது என்பதை வாரக் கட்டணத்துக்குப் பயந்து வாழ்ந்த குடும்பங்கள் அறியும். ஆகவே இலக்கின் முதல் படி கடனாக இருக்கவேண்டாம். முதல் பத்துச் சீருடையில் கிடைக்கும் பணத்தில் அடுத்த துணியை வாங்குவது மெதுவான வழிதான். ஆனால் அது உங்கள் வழி. காணிக்கை போட்டால் கனவு பலிக்கும் என்று சொல்பவர்களிடமும் இதே கவனம் வேண்டும். செயலில்லாத விசுவாசம் செத்தது என்று எழுதிய யாக்கோபு அப்படியொரு குறுக்குவழியைக் காட்டவில்லை.

இலக்காக்க முடியாத கனவுகள்

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதித் திகதி போட முடியாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் தேடுவது தங்கள் பிள்ளைகளை. பதில் சொல்லவேண்டியது அரசு. அது அவர்களின் உரிமை. அதைத் தனிமனித முயற்சியின் கணக்கில் போடுவது அநியாயம். என் கையில் இருப்பது எது, மற்றவர் பொறுப்பில் இருப்பது எது என்று பிரித்துப் பார்ப்பதும் திட்டமிடலின் ஒரு பகுதிதான். முதலாவதற்குத் திகதி வையுங்கள். இரண்டாவதை விடாமல் கேளுங்கள்.

மதில் 52 நாட்களில் முடிந்தது. பலர் கதையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்த அதிகாரமோ, நகரம் விசாலமாக இருந்தது, மக்கள் கொஞ்சப் பேர்தான், வீடுகள் இன்னும் கட்டப்படவில்லை என்று சொல்கிறது. ஒரு இலக்கு முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் அடுத்த வீட்டைக் கட்டுவதற்கு இப்போது ஒரு மதில் இருக்கிறது.

இன்றிரவு செபம் முடிந்ததும் ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு கனவு, ஒரு திகதி, நாளை செய்யக்கூடிய ஒரு வேலை. மூன்று வரி போதும்.