பதிவான நிகழ்ச்சி எங்கே தங்குகிறது?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டியைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் சிறு விளக்குகூட எரியவில்லை. "வேறு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், பழைய பதிவுகள் வாரா" என்று பழுது பார்க்க வந்தவர் சொல்லிவிட்டாராம். அப்பதிவுகளுள் ஒன்று, காலமான அவருடைய துணைவியார் பூத்தையல் பற்றி ஒரு நிகழ்ச்சியில் பேசிய ஆறு நிமிடம்.

"தம்பி, கெட்டது பெட்டிதானே? அவள் பேசியது எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. விடை காண, முதலில் பெட்டிக்குள் நிகழ்ச்சி எங்கே, எவ்வாறு தங்குகிறது என்பதை அறிந்துகொள்வோம்.

நாடாவிலிருந்து தட்டுக்கு

முன்பெல்லாம் நிகழ்ச்சிகளை வீடியோ நாடாவில் பதிந்தோம். 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி என்னும் இரு பதிவுப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. இவற்றில் நாடா இல்லை. கணினியில் உள்ளது போன்ற ஹார்ட் டிஸ்க், அதாவது வன்தட்டு இருந்தது. டிவோவின் முதல் பெட்டிகளுள் ஒன்று 14 மணி நேர நிகழ்ச்சிகளைத் தாங்கியது. மற்றொன்று 30 மணி நேரம்.

வன்தட்டு என்பது அலுமினியம் அல்லது கண்ணாடியால் ஆன வட்டத் தகடு. அதன்மேல் கோபால்ட் கலந்த உலோகக் கலவை மிக மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வதாகக் கொண்டால், விநாடிக்கு 90 சுற்றுகள். அதன்மேல் ஒரு சிறு கரம் உள்ளும் புறமுமாக அசையும். கரத்தின் நுனியில் உள்ள எழுதுதலையில் நுண்ணிய மின்காந்தம் உண்டு. மின்னோட்டத்தின் திசை மாறும்போதெல்லாம், கீழே ஓடும் படலத்தின் காந்தத் திசையும் மாறுகிறது. இத்திசை மாற்றங்களே 0, 1 என்னும் இலக்கங்களைக் குறிக்கின்றன.

தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள்! ஒரு தூசு புகுந்தாலும் கேடு. ஆகவே வன்தட்டின் உறையை வீட்டில் திறக்கவே கூடாது.

பதிந்ததைப் படிக்க மிகக் கூரிய உணர்வி வேண்டும். 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட், ஜெர்மனியில் பீட்டர் க்ருன்பெர்க் ஆகியோர் தனித்தனியே ஒரு விளைவைக் கண்டறிந்தனர். சில மெல்லிய உலோக அடுக்குகளில், சிறிய காந்தப்புல மாற்றமும் மின்தடையைப் பெரிதும் மாற்றுகிறது என்பதே அது. இவ்விளைவு படிக்கும் தலைகளில் பயன்பட்டதால், தட்டின் கொள்ளளவு வேகமாகப் பெருகியது. இருவருக்கும் 2007இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு சிறு கணக்கு

சாதாரணத் தரமுள்ள ஒரு படத்தில் 720 × 576 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு ஒளிர்வும் நிறமும் சேர்த்து 2 பைட் எனக் கொள்வோம். விநாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் 2 கோடி பைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜிகாபைட். இப்படியே பதிந்தால் 500 ஜிகாபைட் தட்டு ஏழு மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும்.

இதைத் தவிர்ப்பதற்காகவே நிகழ்ச்சியைச் சுருக்குகிறார்கள். செய்தி வாசிப்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் பின்னால் உள்ள சுவர் படத்துக்குப் படம் மாறுவதில்லை; உதடும் கண்ணும்தான் அசைகின்றன. மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொண்டால் போதுமன்றோ? இவ்வழியாலும், கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்களை விட்டுவிடுவதாலும், விநாடிக்கு அரை மெகாபைட் அளவிலேயே நல்ல படம் கிடைக்கிறது. மணிக்கு 1.8 ஜிகாபைட். அதே தட்டில் இப்போது சுமார் 277 மணி நேர நிகழ்ச்சிகள் அடங்கும்!

செயற்கைக்கோள் வழி வரும் நிகழ்ச்சி நிலையத்திலேயே சுருக்கப்பட்டு வருகிறது. பெட்டி அதை அப்படியே எழுதிவைக்கிறது.

பதியும்போதே பார்ப்பது

ஒரு நிகழ்ச்சி பதிவாகிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றைப் பார்க்கிறோம். கரம் ஒன்றுதானே, எப்படி முடிகிறது? தட்டு விநாடிக்குப் பல பத்து மெகாபைட் எழுதவும் படிக்கவும் வல்லது. நிகழ்ச்சிக்குத் தேவையோ அரை மெகாபைட். ஆகவே கரம் சிறிது எழுதும், பாய்ந்து சென்று சிறிது படிக்கும், மீண்டும் எழுத வரும். இடைவெளி நமக்குத் தெரியாதபடி மின்னணு நினைவகம் ஒன்று நடுவில் தொட்டிபோல் நின்று சீராக வழங்குகிறது.

நிகழ்ச்சியை 'அழி' என்று ஆணையிட்டால், பொதுவாகப் பெயர்ப்பட்டியலில் உள்ள குறிப்புதான் நீங்கும். புதிய பதிவு அவ்விடத்தில் எழுதப்படும்வரை பழைய காந்தத் தடம் தட்டில் இருக்கும்.

பூட்டும் சாவியும்

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். மின்சாரம் நின்றால் காந்தத் தடம் மறைந்துவிடுமா? மறையாது. காந்தத் தேக்குத்திறன் என்று பாடநூலில் படிக்கிறோமே, அதன் பயன் இதுவே. ஆகவே அம்மையார் பேசியது தட்டில் அப்படியேதான் இருந்தது.

அப்படியானால் தட்டைக் கழற்றிக் கணினியில் இணைத்தால் என்ன? அங்கேதான் சிக்கல். கட்டண ஒளிபரப்புக்கான பெரும்பாலான பெட்டிகள், நிகழ்ச்சியை மறைகுறியாக்கியே தட்டில் எழுதுகின்றன. மறைகுறியை விடுவிக்கும் சாவி எண் அந்தப் பெட்டியின் மின்னணுச் சில்லுக்குள் இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். வேறு பெட்டிக்கோ கணினிக்கோ அந்தத் தட்டு பொருளற்ற எண்குவியல்தான். நிகழ்ச்சி தட்டில் இருக்கிறது. அதன் பொருள் பெட்டியில் இருக்கிறது எனலாம்.

இதை விளக்கியதும் ஆசிரியர் முகம் வாடியது. ஆனால் இதே விளக்கத்தில் ஒரு வழியும் இருந்தது. தட்டும் சில்லும் பிழைத்திருந்தால், மின்வழங்கும் பகுதியைச் சரிசெய்தாலே போதும். கடைத்தெருவில் வானொலி பழுது பார்ப்பவரிடம் இருவரும் சென்றோம். மின்வழங்கும் பலகையில் இரண்டு மின்தேக்கிகள் தலை உப்பி நின்றன. அவற்றை மாற்றியதும் விளக்கு எரிந்தது, பட்டியலும் வந்தது.

அன்றிரவே, பெட்டியின் வெளியீட்டுக் கம்பிவழி அந்த ஆறு நிமிடத்தை வேறொரு கருவியில் படியெடுத்து அவரிடம் கொடுத்தேன். இப்போது சில நாடுகளில் பதிவுகளைப் பெட்டியில் வைக்காமல், நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளில் சேமித்து இணையம் வழியே வழங்கும் முறையும் வந்துள்ளது. அங்கும் பதிவு வேறொருவர் பூட்டுக்குள் இருப்பதுதான். எனவே, இழக்கக் கூடாத பதிவு உங்கள் பெட்டியில் இருந்தால், பெட்டி நல்ல நிலையில் உள்ளபோதே மற்றொரு படி எடுத்து வையுங்கள். காந்தம் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். பெட்டி அவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்வதற்கில்லை.